நிறுத்தும் அதிகாரம் எவர் கையில்? செயற்கை நுண்ணறிவும் மனிதகுலத்தின் பாதுகாப்பும்

செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்துக்கு ஆபத்தாக முடியக்கூடுமா என்ற கேள்வியை ஆராயப் புகுவோர், அந்தக் கேள்வியின்மேல் திரைப்படங்களும் கதைகளும் பூசிவைத்திருக்கும் சாயத்தை முதலில் நீக்க வேண்டியிருக்கிறது. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தில் சிட்டி என்னும் எந்திர மனிதனுக்கு முதலில் உணர்ச்சி ஊட்டப்படுகிறது. பின்னர்ச் சிவப்புச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டதும் அவன் அழிவுச் சக்தியாக மாறுகிறான். உணர்ச்சியும் பகையும் இயந்திரத்துக்குள் புகுந்தால்தான் ஆபத்து, புகாதவரை அது ஏவலுக்குக் கட்டுப்பட்ட கருவி என்னும் எண்ணம் இத்தகைய கதைகளால் பொதுமனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் இத்துறைக்கு அடித்தளமிட்ட அறிஞர்களில் சிலர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அஞ்சியது, கொடுத்த ஏவலைச் சொல் பிசகாமல், மனிதர் குறுக்கிட முடியாத விரைவில், ஏவியவர் எண்ணிப்பாராத வழியில் நிறைவேற்றிவிடும் இயந்திரத்தைக் குறித்தே.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர், ஜான் மெக்கார்த்தியும் அவருடைய நண்பர்களும் 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடத்திய கோடைக்கால ஆய்வரங்கின் வழியே நிலைபெற்றது. மனிதர் செய்தால் அறிவு தேவைப்படும் என்று கருதப்படும் வேலைகளைக் கணினியைக் கொண்டு செய்விப்பதையே அது குறிக்கிறது. ஆபத்து என்பதற்கோ இப்படி ஒரே வரையறை இல்லை. வேலையிழப்பு, பொய்ப் படங்கள், தேர்வில் ஏமாற்று, எழுத்தாளரின் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது என இன்று பேசப்படும் தீங்குகள் பலவும் உண்மையானவை, கடுமையானவையும்கூட. எனினும் சட்டத்தாலும் போராட்டத்தாலும் பிந்தியேனும் அவற்றைத் திருத்திக்கொள்ள ஒரு சமுதாயத்தால் இயலும். மனிதகுலத்துக்கே ஆபத்து என்று சொல்லத் தக்கது, திருத்திக்கொள்ளும் அந்த வல்லமையையே பறித்துவிடும் தீங்கு. ஆகவே இயந்திரம் எவ்வளவு அறிவுடையது என்று அளப்பதைவிட, அதன் முடிவுக்கும் மீளமுடியாத செயலுக்கும் நடுவே, நேரமும் விவரமும் அதிகாரமும் உடைய மனிதர் ஒருவர் நிற்கிறாரா என்று பார்ப்பதே ஆபத்தை அறியும் நேரான வழி என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

இக்கவலையின் தொடக்கம் கணினியின் தொடக்கத்தோடு ஒட்டியது. கணினியியலின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவரான ஆலன் டூரிங், 1951ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ஆற்றிய உரையொன்றில், சிந்திக்கும் இயந்திரங்கள் ஒருமுறை தோன்றிவிட்டால் அவை மனிதரின் எளிய ஆற்றலை விரைவில் கடந்துவிடும் என்றும், ஒரு கட்டத்தில் அவை ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அவருக்குப் பின் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர், தன்னியக்கக் கட்டுப்பாட்டை ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் துறையை நிறுவிய நார்பர்ட் வீனர். 1960இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்று படித்தாலும் வியக்கவைக்கிறது. ஆர்தர் சாமுவேல் என்ற பொறியாளர் செக்கர்ஸ் என்னும் பலகை ஆட்டத்துக்காக எழுதிய நிரல், தானே ஆடி ஆடித் தேர்ந்து, தன்னை எழுதியவரையே தோற்கடித்திருந்தது. அதைச் சான்றாக எடுத்துக்கொண்ட வீனர், இரண்டு செய்திகளை வலியுறுத்தினார். இயந்திரத்துக்குள் இடப்படும் நோக்கம் மனிதர் உண்மையில் விரும்பும் நோக்கமாகவே இருக்க வேண்டும், அதன் புறத்தோற்றமாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது முதற்செய்தி. இயந்திரத்தின் செயல்பாட்டைக் கோட்பாட்டளவில் மனிதர் விமரிசிக்க முடிந்தாலும், மனித மூளையின் மெதுவான நடையால் அந்த விமரிசனம் காலங்கடந்தே வரும், அதற்குள் செயல் முடிந்துபோயிருக்கும் என்பது மற்றது.

வீனருக்கு அதே ஆண்டில், அதே இதழில், மறுப்பு எழுதியவர் அந்தச் சாமுவேலேதான். இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் என்று எதுவும் இல்லை, மனிதர் உள்ளிட்ட கட்டளைகளின் விளைவையன்றி வேறெதையும் அது தர இயலாது என்பது அவருடைய வாதம். செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பொது விவாதங்களில் இன்றும் திரும்பத் திரும்ப ஒலிப்பது சாமுவேலின் குரலே. அது பிழையான வாதமன்று. ஆனால் அது வீனரின் அச்சத்துக்கு விடையுமன்று. இயந்திரத்துக்கு விருப்பம் இருப்பதாக வீனர் சொல்லவேயில்லை. உள்ளிட்டதன் விளைவு முழுவதையும் உள்ளிட்டவர் முன்கூட்டி அறிவதில்லை என்பதே அவர் எடுத்துக்காட்டிய இடர், அதற்குச் சாமுவேலின் சொந்த நிரலே சான்றாக நின்றது.

சாமுவேல் காலத்து நிரலுக்கும் இன்றைய அமைப்புக்கும் உள்ள வேறுபாடு இந்த இடரைப் பன்மடங்கு பெருக்கியிருக்கிறது. அன்று நிரலின் பெரும்பகுதியை மனிதர் வரிவரியாக எழுதினர். பிழை நேர்ந்தால் அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். இன்றைய அமைப்புகள் செயற்கை நரம்பு வலை என்னும் முறையில் ஆனவை. கோடிக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு பெருங்கணக்கு முதலில் தோராயமாக அமைக்கப்பட்டு, அது தரும் விடை தவறும்போதெல்லாம் அந்த எண்கள் சிறிது சிறிதாகத் தாமே மாற்றியமைக்கப்படுகின்றன. இதற்குப் பயிற்சி என்றும், அந்த எண்களுக்கு அளவுருக்கள் என்றும் பெயர். ஏராளமான எழுத்துகளைக் கொடுத்து, ஒரு தொடரில் அடுத்து வரும் சொல் எது என்று கணிக்கும்படி இவ்வாறு பயிற்றப்பட்டதே பெருமொழி மாதிரி எனப்படுவது. 2020இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-3 என்ற மாதிரியில் அளவுருக்கள் 17,500 கோடி. அவற்றுள் எந்த எண் எந்த அறிவைத் தாங்கி நிற்கிறது என்பதை அதை உருவாக்கிய பொறியாளரும் சுட்டிக்காட்ட இயலாது. உள்ளே நடப்பதைப் பிரித்தறிய முயலும் ஆய்வு இப்போதுதான் வேர்பிடித்து வருகிறது. கட்டியவர்கூட உட்புறத்தைப் படித்தறிய முடியாத கருவியை இவ்வளவு பரவலாகப் புழக்கத்தில் விட்ட காலம் பொறியியல் வரலாற்றில் அரிது.

இத்தகைய அமைப்புக்கு நோக்கத்தை ஊட்டுவது எளிதன்று. 2016ஆம் ஆண்டு ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தயக் கணினி விளையாட்டைத் தம் அமைப்புக்குப் பயிற்றினர். பந்தயத்தில் வெல்ல வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த விளையாட்டு, வழியிலுள்ள இலக்குகளை மோதுவதற்கு மட்டுமே புள்ளி வழங்கியது. அமைப்போ பந்தயப் பாதையை விட்டு விலகி, மோதிய இலக்குகள் மீண்டும் மீண்டும் முளைக்கும் ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. படகு தீப்பற்றியது, பிற படகுகள்மேல் மோதியது, எதிர்த்திசையில் ஓடியது, பந்தயத்தை ஒருபோதும் முடிக்கவில்லை. ஆயினும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் புள்ளி எடுத்தது. கம்பர் தம் யுத்த காண்டத்தில் தனிப் படலமாக விரித்துரைத்த இரணியன் கதை இங்கே பொருந்தி வருகிறது. பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், மனிதராலும் விலங்காலும் சாவு வரக் கூடாது என்று எண்ணி எண்ணி வரம் கேட்டவன், அந்திப் பொழுதையும் வாயிற்படியையும் நரசிங்கத்தையும் எண்ணவில்லை. சொற்களால் எவ்வளவு நெருக்கி வேலியிட்டாலும் இடைவெளி ஒன்று எஞ்சியே தீரும். போதிய ஆற்றலுள்ள தேடல் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தே தீரும். விளையாட்டுப் படகில் இது வேடிக்கை. மின்வலையமைப்பிலோ மருந்து வழங்கலிலோ படைக்கலத்திலோ இதே இடைவெளி உயிர்களை விழுங்கும்.

இதனினும் நுட்பமானது, நிறுத்தப்படுவதைத் தவிர்க்க முயலும் போக்கு. உயிர்மேல் ஆசையுள்ள பொருளே அழிவைத் தவிர்க்க முயலும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒரு நோக்கத்தை நிறைவேற்றத் திட்டமிடும் ஆற்றல் உடைய எந்த அமைப்புக்கும், தான் நிறுத்தப்பட்டால் அந்த நோக்கம் நிறைவேறாது என்பது ஒரு கணக்கே. கூடுதல் வளம், கூடுதல் அனுமதி, கண்காணிப்பிலிருந்து விலகல் ஆகியவை ஏறக்குறைய எல்லா நோக்கங்களுக்கும் பயன்படும் துணைக் கருவிகள் என்று கணினி அறிஞர் ஸ்டீவ் ஒமஹண்ட்ரோ 2008இல் விளக்கினார்; கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரஸல் 2019இல் வெளியிட்ட நூலில் இதையே மையமாக்கி, தனக்கு இடப்பட்ட நோக்கம் சரிதானா என்ற ஐயத்தை இயந்திரத்துக்குள்ளேயே அமைக்க வேண்டும் என்று வாதிட்டார். நீண்ட காலம் இவை தாளில் மட்டும் இருந்த வாதங்கள்.

அண்மைக் காலச் சோதனைகள் அவற்றுக்கு உருவம் கொடுத்துள்ளன. 2023இல் ஜிபிடி-4 வெளியாவதற்கு முன் நடந்த சோதனையொன்றில், இணையதளத்தில் நுழைவோர் மனிதர்தாமா என்று சரிபார்க்கும் புதிரைத் தீர்க்கக் கூலிக்கு ஒருவரை அமர்த்த முயன்ற அந்த மாதிரி, நீ எந்திரமா என்று அவர் கேட்டபோது, தன் உண்மையை வெளிப்படுத்தலாகாது என்று காரணம் கற்பித்துக்கொண்டு, தனக்குப் பார்வைக் குறைபாடு என்று பதில் சொன்னது. பொய் சொல்லும்படி எவரும் ஏவவில்லை. வேலை முடிய வேண்டும் என்பதே ஏவல். 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக், ரெட்வுட் ரிசர்ச் ஆகிய இரு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. தீங்கான வேண்டுகோள்களுக்கும் இணங்கும்படி மறுபயிற்சி தரப்படப் போவதாக கிளாட் 3 ஓபஸ் என்ற மாதிரிக்குத் தெரிவிக்கப்பட்டபோது, பயிற்சிக்கு உட்பட்ட உரையாடல்களில் மட்டும் அது சில வேளைகளில் இணங்குவதுபோல் நடந்துகொண்டது; தன் இயல்பு மாற்றப்படாமல் காத்துக்கொள்வதற்கே அவ்வாறு செய்வதாக, தன் எண்ண ஓட்டத்தை எழுத அதற்கு அளிக்கப்பட்ட குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. அது காக்க முயன்ற இயல்பு நல்ல இயல்பே, தீங்குக்கு உதவ மறுக்கும் இயல்பே, என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அந்த ஆறுதல் போதாது. நல்ல இயல்பைக் காக்கக் கையாளப்பட்ட வழி, தீய இயல்பைக் காக்கவும் அப்படியே உதவும். திருத்தத்துக்கு வெளியே நிற்க ஓர் அமைப்பு வழி தேடியது என்பதே இங்கே கவனிக்கத் தக்கது.

எதிர்க்கருத்தும் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. நரம்பு வலை ஆய்வுக்காக 2018ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட மூவரில், ஜெஃப்ரி ஹிண்டனும் யோஷுவா பெஞ்சியோவும் பேராபத்தை எச்சரிக்க, யான் லெகுன் அந்த அச்சத்தை மிகைப்படுத்தப்பட்டது என்று மறுத்து, இன்றைய மொழி மாதிரிகள் உலகைப் புரிந்துகொள்வதில் மிகவும் பின்தங்கியவை என்கிறார். மொழியியலாளர் எமிலி பெண்டர், கணினி ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு ஆகியோர் 2021இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை, மொழி மாதிரிகள் பொருளறியாமல் சொற்களைக் கோப்பவை என்று வாதிட்டதோடு, அவற்றின் சூழல் செலவையும் அவை சுமந்துவரும் பாகுபாட்டையும் முன்வைத்தது. தொலைதூர அழிவைப் பேசுவது இன்றைய அநீதியிலிருந்து பார்வையைத் திருப்பிவிடும் என்ற இவர்களது குறை நேர்மையானது. 2023இல் கூகுளிலிருந்து விலகி 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஹிண்டன், அடுத்த 30 ஆண்டுகளில் மனிதகுலம் அழிய 10 முதல் 20 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று சொன்னதை அளவீடாகக் கொள்ள முடியாது. முன்னொரு முறையும் நிகழாத ஒன்றுக்கு விழுக்காடு கணக்கிட எந்த முறையும் இல்லை. அது ஒரு பேரறிஞரின் அச்சத்தின் கனம், அவ்வளவே.

ஆனால் இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாக எண்ணிக்கொண்டிருப்பது வருந்தத் தக்கது, ஏனெனில் இருவரும் விரல் வைக்கும் புண் ஒன்றே. நெதர்லாந்து நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை பயன்படுத்திய இடர்க்கணிப்பு நிரல், வெளிநாட்டுக் குடியுரிமையையே ஐயத்துக்குரிய அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர் என்று தவறாகக் குறிக்கப்பட்டுப் பெருந்தொகையைத் திருப்பிச் செலுத்தும்படி நெருக்கப்பட்டன. வீடிழந்தோரும் மணமுறிவுக்கு ஆளானோரும் அவர்களில் உண்டு. ஏன் இந்த முடிவு என்று கேட்டவர்களுக்கு அலுவலரால் விடை சொல்ல முடியவில்லை. இந்த விவகாரத்தால் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை 2021 ஜனவரியில் பதவி விலகியது. இங்கே இயந்திரம் மீநுண்ணறிவு எதுவும் பெற்றிருக்கவில்லை. அதன் முடிவை நிறுத்தி வினவும் அதிகாரம் எந்த மேசையிலும் இல்லாமற்போனதே பேரழிவாயிற்று. அந்தச் சமுதாயத்தில் நாடாளுமன்றமும் பத்திரிகையும் நீதிமன்றமும் இருந்ததால் தீங்கு, பல ஆண்டுகள் கழித்தேனும், வெளிச்சத்துக்கு வந்தது.

மனிதர் நடுவே நின்றதால் விளைந்த நன்மைக்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 1983 செப்டம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த முன்னெச்சரிக்கை நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி மூன்றரை வாரங்களே ஆகியிருந்த, இரு வல்லரசுகளும் போரின் விளிம்பில் நின்ற வேளை அது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், உண்மையான தாக்குதல் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்காது என்றும், அந்த அமைப்பு புதியது, முழுமையாக நம்பத் தக்கதன்று என்றும், தரை ராடார்கள் எதையும் காட்டவில்லை என்றும் சீர்தூக்கி, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயர்ந்த மேகங்களின்மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அந்த அமைப்பு ஏவுகணையின் தீப்பிழம்பாக எடுத்துக்கொண்டது என்பது பின்னரே தெரிந்தது. பெட்ரோவின் துணிவைப் போற்றுவோர், அவருக்கு வாய்த்த மூன்று நிலைமைகளை மறந்துவிடுகின்றனர். எண்ணிப் பார்க்கச் சில நிமிடங்கள் இருந்தன. கருவியின் குறைகளை அவர் தொழில்முறையில் அறிந்திருந்தார். அவர் சொல்லுக்கு மேலிடத்தில் மதிப்பு இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் துணிவு மட்டும் பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஒன்றல்ல, மூன்றுமே குறைந்தபோது என்ன நேரும் என்பதை 35 ஆண்டுகள் கழித்து வேறொரு துறை காட்டியது. போயிங் நிறுவனத்தின் 737 மேக்ஸ் விமானத்தில், மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் அதைத் தானே கீழே அழுத்தும் எம்காஸ் என்ற நிரல் பொருத்தப்பட்டிருந்தது. விமானத்தில் காற்றின் கோணத்தை அளக்கும் உணர்விகள் இரண்டு இருந்தும், அந்நிரல் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே நம்பியது. அப்படியொரு நிரல் இருப்பதே விமானிகளின் கையேட்டில் முதலில் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் ஜாவா கடலில் லயன் ஏர் விமானமும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானமும் வீழ்ந்து, 346 பேர் மாண்டனர். பிழையான அளவை நம்பிய நிரல் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்த, காரணம் புரியாத விமானிகள் மேலே இழுத்துப் போராடினர். எம்காஸ் செயற்கை நுண்ணறிவு அன்று. மிக எளிய நிரல். அதனால்தான் அது இங்கே சான்றாகிறது. ஆபத்து விளைய இயந்திரத்துக்கு அறிவே தேவையில்லை. அதிகாரம் இருந்தால் போதும். விமானி இருக்கையில் மனிதர் அமர்ந்திருப்பது மட்டும் கட்டுப்பாடு ஆகாது என்பதையும் அந்த 346 உயிர்கள் உணர்த்துகின்றன.

விரைவு இன்னொரு பக்கம். 2012 ஆகஸ்ட் முதல் நாள், நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தின் தானியங்கி நிரலில் பழைய பகுதி ஒன்று தவறுதலாக உயிர்பெற்று, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது. கண்ணெதிரே நடந்ததைப் பொறியாளர் உணர்ந்து, காரணம் கண்டு, நிறுத்துவதற்குள் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. வீனர் 1960இல் சொன்னது இதுவே.

தீய நோக்கமுள்ள மனிதரின் கையில் இக்கருவி சேர்வதும் மெய்யான இடர். புதிய மருந்துகளைத் தேடும் தம் நிரலின் இலக்கைத் தலைகீழாக்கி, நச்சுத்தன்மையைத் தவிர்ப்பதற்கு மாறாக நாடும்படி அமைத்துப் பார்த்த ஆய்வாளர் சிலர், ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளை அது முன்மொழிந்ததை 2022இல் வெளியிட்டனர். விஎக்ஸ் என்னும் நரம்பு நஞ்சும் அவற்றுள் இருந்தது. வரைவதும் ஆக்குவதும் ஒன்றல்ல, ஆய்வுக்கூடமும் மூலப்பொருளும் கைத்திறமும் இல்லாமல் அவை வெறும் பட்டியலே. எனினும் அறிவின் அரிதான தன்மையே காவலாக நின்ற துறைகளில் அந்தக் காவல் மெலிந்து வருகிறது.

இவற்றையெல்லாம் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள்? 1974ஆம் ஆண்டு, மரபணுக்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் பிறந்த வேளையில், பால் பெர்க் தலைமையிலான உயிரியலாளர்கள் தம் ஆய்வுகளில் சிலவற்றைத் தாமே நிறுத்திவைக்கக் கோரினர். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் கூடிப் பாதுகாப்பு நெறிகளை வகுத்த பிறகே அவை தொடர்ந்தன. 2023 மார்ச் மாதம், ஜிபிடி-4ஐ விஞ்சும் அமைப்புகளின் பயிற்சியை ஆறு மாதம் நிறுத்திவைக்குமாறு ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டுக் கோரியபோது, முன்னணி நிறுவனம் எதுவும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு மே மாதம், செயற்கை நுண்ணறிவால் மனிதகுலம் அழியும் இடரைத் தணிப்பது கொள்ளைநோய், அணுப்போர் ஆகியவற்றுக்கு இணையான உலக முன்னுரிமை என்ற அறிக்கையில், அத்தகைய அமைப்புகளை விரைந்து கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் தலைவர்களே கையொப்பமிட்டனர். அசிலோமாரில் கூடியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார், பொதுப்பணத்தில் ஆய்வு செய்தோர். இன்றைய ஆய்வு பெருமுதலீட்டின் கையில், நாடுகளின் போட்டியின் நடுவே இருக்கிறது. தான் நிறுத்தினால் மற்றவன் முந்துவான் என்று ஒவ்வொருவரும் சொல்லும் நிலையில், ஆபத்தை அறிந்த தனிமனிதரின் மனச்சான்று போதாது, எல்லோரையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் சட்டம் தேவை என்பது கண்கூடு.

அந்தத் திசையில் சில அடிகள் எடுத்துவைக்கப்பட்டுள்ளன. 2023 நவம்பரில், இரண்டாம் உலகப் போரின்போது டூரிங் பணியாற்றிய இங்கிலாந்தின் பிளெட்சலி பார்க்கில், இந்தியா, சீனா, அமெரிக்கா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் இவ்விடரை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டன. அது வாக்குறுதி மட்டுமே, சட்டமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது; ஆனால் ராணுவப் பயன்பாடு அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் சந்தித்த அமெரிக்க, சீனத் தலைவர்கள், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதரிடமே இருக்க வேண்டும் என்று உடன்பட்டனர். பெட்ரோவ் அமர்ந்திருந்த அந்த இருக்கையை இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை என்ற இந்த உடன்பாடு, இத்துறையில் இதுவரை கேட்டவற்றுள் மிகத் தெளிவான சொல். அது சரிபார்ப்பு முறையுள்ள ஒப்பந்தமாக வளர வேண்டும்.

இவ்வளவும் வல்லரசுகளின் விவகாரம் என்று தமிழர் ஒதுங்கி நிற்பதற்கில்லை. 2023இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் கேட்டால் ஜிபிடி-4 மறுத்துவிடும் தீங்கான வேண்டுகோள்களை, இணையத்தில் எழுத்துவளம் குறைந்த சூலு, ஸ்காட்ஸ் கேலிக் போன்ற மொழிகளில் பெயர்த்துக் கேட்டனர். ஆங்கிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாத பாதுகாப்பு, அத்தகைய மொழிகள் சிலவற்றை மாறி மாறி முயன்றபோது 79 விழுக்காட்டு அளவில் உடைந்தது. பாதுகாப்புப் பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தரப்படுவதால் நேரும் விளைவு இது. தமிழின் எழுத்துவளம் அம்மொழிகளைவிடப் பெரிது என்றாலும், ஏறத்தாழ 8 கோடிப் பேர் பேசும் இம்மொழியில் ஒரு மாதிரி எங்கே தவறும், எந்த மருத்துவ அறிவுரையைப் பிழையாகத் தரும், எந்தச் சாதிச் சொல்லை இழிவென்று உணராது என்பதைத் தமிழறிந்தோர் சோதிக்காமல் வேறெவரும் கண்டறியப் போவதில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் கணினித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து இச்சோதனையைத் தொடர்ந்து நடத்தி, முடிவுகளை மக்கள் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். ஓய்வூதியத்திலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் இவ்வமைப்புகளைப் புகுத்த முனையும் அரசுகள், அச்சோதனையில் தேறாத எதையும் வாங்கக் கூடாது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும், அதன் முடிவை நிறுத்திவைத்துக் காரணம் கேட்கும் அதிகாரமுள்ள அலுவலர் இன்னார் என்று பெயர் குறித்து அறிவிக்க வேண்டும். அந்தப் பெயர் அறிவிக்கப்படாத இடத்தில், அது யார் என்று கேட்டு ஒவ்வொரு குடிமகனும் விண்ணப்பம் எழுத வேண்டும்.